மைக்கைக் குச்சிக்கிட்ட வைங்க

ஜனவரி 14

அன்புள்ள வாலு,

அக்கா எழுதறேன். நானும் உன் மாமாவும் சுகமா இருக்கோம். நீ இப்போ எந்தக் கடல்ல மிதக்கறியோ தெரியாது. அங்க அலை அடங்கி, நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிக்கிட்டு இருக்கணும். போன தடவை சொன்ன முதுகுவலி விட்டுச்சா?

டாக்டர் கடைசியாப் பார்த்துட்டு, புண் சுத்தமா ஆறிடுச்சு, நோய் எங்கயும் மிச்சமில்லைன்னு சொல்லிட்டார். குரல்வளையை எடுத்துட்டதால பேச்சு இனிமே கிடையாது. அதுதான் நமக்கு முன்னாடியே தெரியுமே. கழுத்து ஓட்டை வழியா மூச்சு ஒழுங்காப் போய் வருது. அதுக்கு மேல கட்டிக்கிறதுக்கு உன் மாமா பூப்போட்ட கைக்குட்டையா வாங்கிக் குவிச்சு வச்சிருக்கார். இந்த வயசுல என்னைப் பள்ளிக்கூடப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டார்.

அவர்தான் இப்போ என் மொழிபெயர்ப்பாளர். போன வாரம் வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி, காத்து வரட்டும், கதவைத் திறங்கன்னு கை காட்டினேன். "உங்களைக் கிளம்பச் சொல்றா"ன்னு சொல்லிட்டார். பாவம், அவங்க செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு ஓடிட்டாங்க.

தாவரவியல் பூங்காவுல மறுபடி வேலைக்குச் சேர்ந்துட்டேன். ஞாயித்துக்கிழமை தோட்டப் பேச்சு நடக்குதில்ல, அதுக்கு ஏற்பாடு பண்றது என் வேலை. பேசறவங்களுக்குக் கடிதம் போடணும், நாற்காலி போடணும், தண்ணி வைக்கணும். இத்தனை வருஷம் அந்த மேடையில நின்னு பேசினவளுக்கு இது தெரியாத வேலையா என்ன? இந்த வாரம் எனக்குப் பதிலா கள்ளி டாக்டர் பேசினார். கள்ளிச்செடியை ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கினவர், நல்ல மனுஷன். ஆனா அவர் பேச ஆரம்பிச்சா நாற்காலியே கொட்டாவி விடும். முன்வரிசையில ஒருத்தர் குறட்டை விட்டார், அதை டாக்டர் கேள்வின்னு நினைச்சு பதில் சொன்னார்.

எல்லாரும் போனப்புறம் மேடையைத் துடைச்சேன். கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டு வந்தேன். வேற விசேஷம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கோ. கரை சேர்ந்ததும் எழுது.

அக்கா

•

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியோட வணக்கம். உன் கடிதம் இந்தத் துறைமுகத்துல எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தது. முதுகு தேவலை. நீயும் மாமாவும் எப்படி இருக்கீங்க? குளிக்கறப்போ கழுத்துல தண்ணி படாமப் பார்த்துக்கச் சொன்னாங்களே, பார்த்துக்கறியா?

செருப்பை மாத்திப் போட்ட விருந்தாளிகளைப் பத்திப் படிச்சிட்டு எஞ்சின் ரூம்ல தனியாச் சிரிச்சேன். சிரிச்சது எனக்கே கேக்கலை. இங்க இருக்கிற சத்தத்துல காதுக்குள்ள வந்து கத்தினாலும் ஒண்ணும் விழாது. நாங்க எல்லாரும் உன்னை மாதிரிதான், கையாலயே குடும்பம் நடத்தறோம். முஷ்டியைத் திருப்பினா வால்வை மூடு. ரெண்டு விரலைத் தேய்ச்சா எண்ணெய் வேணும். வயித்துல தட்டினா சாப்பிடப் போறேன். எங்க சீஃப் எஞ்சினியர் கோவத்துல காட்டற சைகையை மட்டும் உனக்கு எழுத முடியாது. புதுசா வந்தவன் ஒரே வாரத்துல எல்லாம் கத்துக்கறான். மேல டெக்குல நின்னு மணிக்கணக்காப் பேசறவங்க செய்யற தப்பு கூட கீழ நாங்க செய்யறதில்லை.

அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. நீ எதுக்கு இன்னும் அங்க போய் நாற்காலி தூக்கிக்கிட்டு இருக்கே? மேடையில நின்னவ மேடையைத் துடைக்கறான்னு படிக்க எனக்கு நல்லா இல்லை. விட்டுட்டு வீட்டுல இரு. நான் எதுக்குச் சம்பாதிக்கறேன்?

மாமாவுக்கு என் வணக்கம். அச்சாபீஸ்ல ஓவர்டைம் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்க வேண்டாம்னு சொல்லு. பதில் போடு.

உன் தம்பி

•

மார்ச் 6

என் தங்கக்கட்டி வாலு,

உன் மாமாவுக்கும் எனக்கும் ஒரு குறையும் இல்லை. உன் முதுகு தேறினதுல ரெட்டைச் சந்தோஷம். அதை விட பெரிய சந்தோஷம், உன் கடிதத்தால எனக்குத் தூக்கமே போச்சு.

எஞ்சின் ரூம்ல கையாலயே குடும்பம் நடத்தறோம்னு எழுதினியே, அதைப் படிச்சுட்டு அடுப்புல பாலை வச்சதையே மறந்துட்டேன். ஏண்டா, ஒரு செடியில இன்னொரு செடிக் குச்சியை ஒட்டுக் கட்டறதை நான் இத்தனை வருஷம் வாயால சொல்லிக்கிட்டே இருந்தேன். கூட்டம் என் வாயைப் பார்த்துட்டுக் கையை விட்டுட்டாங்க. வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் தப்பாக் கட்டிட்டு, அடுத்த வாரம் வந்து "காஞ்சு போச்சு மேடம்"னு நின்னாங்க. ஒரு வார்த்தை பேசாம, கையை மட்டும் காட்டி ஒரு தோட்டப் பேச்சு நடத்தினா என்ன?

அடுக்களையில ஒத்திகை ஆரம்பிச்சாச்சு. ஒரு எலுமிச்சைக் கன்னு, ஒரு நல்ல மரத்துக் குச்சி, ஒட்டுக் கத்தி, சுத்திக் கட்ட நாடா. பார்வையாளர் உன் மாமா. குச்சியோட நுனியை ஆப்பு மாதிரி சீவறதைக் காட்டினேன், "பென்சில்"னார். கன்னோட தண்டைப் பிளந்து குச்சியைச் சொருகினேன், "கத்தி உறை"ன்னார். தப்பாச் சொன்ன இடத்துல எல்லாம் கையை மாத்தி மாத்திக் காட்டினேன். நேத்து கடைசியா, தோலும் தோலும் ஒட்டிக்கிட்டு நிக்கணும், காத்து புகக்கூடாது, அதானேன்னார். அவருக்கே புரிஞ்சிடுச்சுன்னா ஊருக்கே புரியும்.

பூங்கா இயக்குநர்கிட்ட சிலேட்டுல எழுதிக் காட்டினேன். தலையைச் சொறிஞ்சார். ரெண்டு நாள் கழிச்சு, ஏப்ரல் முதல் ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் எடுத்துக்கோங்கன்னார்! எல்லாரும் முதல்ல என் கழுத்தைப் பார்ப்பாங்க, எனக்குத் தெரியும். பார்க்கட்டும். அலுத்துப் போனா கையைப் பார்ப்பாங்க.

உன் சீஃப் காட்டற அந்தச் சைகையைக் கண்டிப்பா எழுது, கள்ளி டாக்டருக்குத் தேவைப்படும். நேரத்துக்குச் சாப்பிடு, குளிர்ல நனையாத.

அக்கா

•

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நல்லா இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கன்னு நம்பறேன்.

கடிதம் வந்தது. உன் யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுக்கும் அவசரப்பட வேண்டாம்னு தோணுது. ஆபரேஷன் ஆன உடம்பு. கூட்டத்துல தூசி இருக்கும், யாராவது ஏதாவது பேசுவாங்க. உங்க இயக்குநர் தங்கமான மனுஷன். அவர் சொல்றபடி கேளு. அமைதியான இடத்துல உக்காந்து வேலை பார்க்கிறதும் வேலைதானே. விதை அறையில ஃபேன் இருக்கு, ஜன்னல் பக்கம் மரமும் இருக்கு, உனக்குப் பிடிக்கும்.

இங்க எஞ்சின்ல கொஞ்சம் பழுது பார்க்கிற வேலை. அதனால சுருக்கமா முடிக்கறேன். மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

தம்பி

•

ஏப்ரல் 22

தம்பிக்கு,

இங்க சௌக்கியம். அங்க சௌக்கியமா இருக்கணும்.

ஏப்ரல் முதல் ஞாயித்துக்கிழமை நான் மேடை ஏறலை. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இயக்குநர் கூப்பிட்டு, "உங்களை விதை அறைக்கு மாத்தியிருக்கேம்மா, உங்க நல்லதுக்குத்தான்"னார். ஏன்னு சிலேட்டுல எழுதினேன். ஜன்னலைப் பார்த்துக்கிட்டார். சரின்னு போய் உக்காந்தேன். ஃபேன் இருந்தது. ஜன்னல் பக்கம் மரமும் இருந்தது.

அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. எனக்கு மாத்தல்னு தெரியறதுக்கு முன்னாடியே எழுதின கடிதம். விதை அறையில ஃபேன் இருக்குன்னு கப்பல்ல இருக்கிற உனக்கு யாருடா சொன்னது?

இயக்குநரைப் போய்க் கேட்டேன். "உங்க தம்பி வெளிநாட்டுல இருந்து போன் பண்ணி ரொம்ப வருத்தப்பட்டார், அக்காவைக் கூட்டத்துக்கு முன்னாடி நிறுத்தாதீங்க, ஏதாவது மறைவான இடத்துல வேலை கொடுங்கன்னு கேட்டுக்கிட்டார்"னு சொன்னார்.

மறைவான இடம்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

•

மே 19

அன்புள்ள அக்கா,

உனக்கும் மாமாவுக்கும் வணக்கம். இருமல் இல்லாம இருக்கியா? முதல்ல அதைச் சொல்லு, அப்புறம் திட்டு.

போன் பண்ணினது நான்தான். நீ கேட்டதுக்கு அதுதான் பதில். ஏன்னு சொல்றேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல நாம மருந்துக்கடைக்குப் போனோம், ஞாபகம் இருக்கா? நீ சீட்டுல எழுதிக் கொடுத்தே. கடைக்காரர் உனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சு, கடை அதிர உன் முகத்துக்கு நேரா கத்தினார். வரிசையில நின்னவங்க திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க. நீ மீதிச் சில்லறையை வாங்காமலே வெளிய வந்துட்டே. வழியில நான் என்னென்னமோ பேசினேன், நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு கூட்டமே உன்னைப் பார்த்து அப்படிச் சிரிச்சா, நான் எங்கயோ கடல் நடுவுல இருப்பேன். அந்த நினைப்புலதான் போனை எடுத்தேன்.

உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கலை. பதில் போடு அக்கா.

உன் தம்பி

•

ஜூலை 2

அக்கா,

சுகமா? ரெண்டு துறைமுகம் தாண்டியாச்சு, கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல எனக்கு ஒண்ணுமே இல்லைங்கறாங்க. தபால் தவறிப் போயிருக்கும்னு சொல்லிக்கறேன். ஒரு வரி போதும். திட்டியாவது எழுது.

வாலு

•

ஜூலை 29

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதறது. ஆசீர்வாதம். என் உடம்புக்கு ஒண்ணும் இல்லை, சர்க்கரை மட்டும் அடிக்கடி எட்டிப் பார்க்குது. நீ நல்லா இருக்கியா?

உன் ரெண்டு கடிதமும் வந்து சேர்ந்தாச்சு. தபால்காரர் மேல பழி போட வேண்டாம். உன் அக்காவுக்கு உன் மேல கோவம். வாய் இருந்தப்போ அவ கோவம் சாயங்காலத்துக்குள்ள தீர்ந்துடும், கத்தித் தீர்த்துடுவா. இப்போ அது வெளிய வர வழியில்லாம உள்ளயே சுத்துது. கொஞ்சம் பொறுத்துக்கோ.

ஒரு விஷயம் நடந்துக்கிட்டு இருக்கு. என்னன்னு சொல்லக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. சொன்னா சாப்பாட்டுல உப்பு இருக்காதுன்னு கையாலயே மிரட்டிட்டா, இதை மட்டும் நான் தப்பில்லாமப் புரிஞ்சுக்கிட்டேன். இவ்வளவு மட்டும் சொல்றேன்: ஞாயித்துக்கிழமை ஆனா எனக்கு முன்னாடி எழுந்து கிளம்பறா. வீட்டுல இருந்த மடக்கு மேஜையைக் காணோம். நேத்து சாப்பிட உக்காந்தா, முருங்கைக்காய் நடுவுல சீவி, நாடாவால சுத்திக் கட்டி வச்சிருக்கு. என்ன ஏதுன்னு கேக்காம சாப்பிட்டேன்.

அவ எழுதுவா. தைரியமா இரு.

மாமா

•

செப்டம்பர் 9

டேய் வாலு,

நான் நல்லா இருக்கேன், உன் மாமா சர்க்கரையை அடக்கி வச்சிருக்கார், நீ இளைக்காம இருந்தா சரி. நாலரை மாசம் உனக்கு எழுதாம இருந்தேன். உன்னைத் தண்டிக்க இல்லை; எழுதினா அழுகையா வந்துடும்னு இருந்தேன். இப்போ சொல்றதுக்கு விஷயம் இருக்கு. டீ ஏதாவது இருந்தா பக்கத்துல வச்சுக்கிட்டுப் படி.

விதை அறைக்கு எதிர்லதான் பேச்சு நடக்கிற கூடம், நடுவுல புல்வெளி. மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, சாப்பாட்டு நேரத்துல, நம்ம வீட்டு மடக்கு மேஜையைப் புல்வெளியில விரிச்சேன். யார்கிட்டயும் அனுமதி கேக்கலை. என் சாப்பாட்டு நேரத்துல நான் குச்சி சீவினா யார் என்ன கேக்க முடியும்? முதல் நாள் ஒரு புருஷன் பொண்டாட்டி வந்து நின்னாங்க. எனக்குப் பெருமை தாங்கலை. கடைசியில பார்த்தா கழிப்பறைக்கு வழி கேக்க நின்னிருக்காங்க. வழி காட்டினேன். திரும்பி வரும்போது நின்னு பார்த்தாங்க. அந்தம்மா கைப்பையைக் கீழ வச்சிட்டுப் பார்த்தாங்க.

அப்படியே ஒவ்வொரு வாரமும் ரெண்டு பேர், நாலு பேர்னு சேர்ந்தாங்க. பூங்காவுக்குப் பின்னாடி இஸ்திரிக் கடை வச்சிருக்கிற ஒரு பொண்ணு தவறாம வந்தது. பிறவியிலேயே காது கேக்காது. முதல் கேள்வி அவ கேட்டதுதான். ஒரு ரோஜாவை மோந்து பார்த்துட்டு, என் கழுத்தைக் காட்டி, மூக்கைத் தொட்டு, என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினா. உனக்கு வாசனை தெரியுமான்னு கேக்கறா. மூச்சு மூக்கு வழியாப் போறதில்லைங்கறதால எனக்கு வாசனை தெரியறதில்லைடா. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. உன் மாமாவுக்குச் சொல்லலை, உனக்கும் எழுதலை. அவகிட்ட தலையை ஆட்டினேன், தெரியாதுன்னு. அவ தன் காதைத் தொட்டுத் தலையை ஆட்டினா. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். எனக்குச் சத்தம் வராது, அவளுக்கு அது தேவையும் இல்லை. கழுத்துக் கைக்குட்டை பறக்கிற அளவுக்குச் சிரிச்சேன்.

அடுத்த வாரம் அவ தன் சிநேகிதங்களை எல்லாம் கூட்டிட்டு வந்தா. அவங்க விரலால பேசிக்கிறதைப் பார்க்கிறதுக்கே ஒரு கூட்டம். கூடத்துக்குள்ள இருந்தவங்க ஜன்னல் வழியாப் பார்த்துட்டு ஒவ்வொருத்தரா நழுவி வந்தாங்க. ஒரு நாள் கள்ளி டாக்டரே வெளிய வந்துட்டார், கையில படத்தைச் சுட்டிக் காட்டற நீளக் கோலோட.

"என் கூட்டம் எங்க போச்சுன்னு பார்க்க வந்தேன்"னார்.

நான் கத்தியைக் கீழ வச்சேன். மேஜையை மடக்கச் சொல்லப் போறார்னு நினைச்சேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? அந்த முடிச்சை மறுபடி போடுங்க, நான் சரியாப் பார்க்கலை"ன்னார்.

போட்டேன். முழுசும் பார்த்தார். நேரா என்னைக் கூட்டிக்கிட்டு இயக்குநர் அறைக்குப் போய், "ஐயா, என் நேரத்தை இவங்களுக்குக் கொடுத்துடுங்க"ன்னார்.

இயக்குநர் நெளிஞ்சார். "சங்கடமாயிடும் டாக்டர். யாராவது சிரிச்சிட்டா?"

"சிரிக்கத்தான் சிரிக்கறாங்க. இத்தனை வருஷத்துல என் பேச்சுக்கு ஒருத்தராவது சிரிச்சிருக்காங்களா?"

நான் சிலேட்டை எடுத்து எழுதினேன்: "விழுந்தா நானே எழுந்துக்கறேன். என் தம்பியைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க." அவர் படிச்சார், மறுபடி படிச்சார். "எப்போ ஆரம்பிக்கலாம்?"னார்.

ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கிழமை கூடத்துல நின்னேன். உன் மாமா அச்சடிச்ச சுவரொட்டியில "பேச்சில்லாத தோட்டப் பேச்சு"ன்னு போட்டிருந்தது. நாற்காலி போதாம ஜன்னல்ல எல்லாம் உக்காந்திருந்தாங்க. மைக்செட்காரர் பழக்க தோஷத்துல மைக்கை என் வாய்க்கு நேரா உயர்த்திட்டார். அப்புறம் என் கழுத்தைப் பார்த்துட்டு முகம் செத்துப் போச்சு. கூடம் முழுக்க ஊசி விழுந்தா கேக்கற அமைதி. நீ பயந்தியே, அந்த நிமிஷம் அதுதான். சாக்பீஸைக் கையில எடுத்தேன்.

கரும்பலகையில எழுதினேன்: "மைக்கைக் குச்சிக்கிட்ட வைங்க. இன்னைக்கு அதுதான் பேசும்."

முதல்ல ஒருத்தர் சிரிச்சார், அப்புறம் எல்லாரும். ஆனா அது மருந்துக்கடைச் சிரிப்பு இல்லைடா. மைக்செட்காரர் மண்டியிட்டு உக்காந்து மைக்கைக் குச்சிப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டார். கத்தியை வச்சு ஒரே இழுப்பு. தோல் சர்ருனு விடற சத்தம் கூடத்தோட கடைசி மூலை வரைக்கும் போச்சு. தண்டு பிளக்கற சத்தம், குச்சி உள்ள இறங்கற சத்தம், நாடா முறுக்கேறி கிறீச்சுனு இழுபடற சத்தம். இத்தனை வருஷம் என் தொண்டையால மூடி வச்சிருந்த சத்தம் எல்லாம் அன்னைக்கு வெளிய வந்தது. முடிச்சப்போ யாரும் கைதட்டலை. அப்புறம் பார்த்தா இஸ்திரிக்காரப் பொண்ணும் சிநேகிதங்களும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி விரலை ஆட்டறாங்க. அவங்க கைதட்டறது அப்படித்தான். அதைப் பார்த்துக் கூடமே கையைத் தூக்கிடுச்சு. காத்துல இலை ஆடற மாதிரி அத்தனை கை. டாக்டர், இயக்குநர், உன் மாமா, எல்லாரும்.

மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை இனி என்னுது. நவம்பர் மலர்க் கண்காட்சியில பெரிய புல்வெளி மேடையும் எனக்குத்தான்னு சொல்லியிருக்காங்க. வரமுடிஞ்சா வா. முடியலைன்னா கடல்ல இருந்தே கையைத் தூக்கு.

எண்ணெய் வழியற சட்டையோட தூங்காத. உடம்பு பத்திரம்.

அக்கா

•

டிசம்பர் 1

என் அக்காவுக்கு,

தம்பியோட கோடி வணக்கம். ரயில் ஆட்டத்துல எழுத்து கோணலா இருக்கும், கண்ணுக்குச் சிரமம் கொடுக்காத. மாமாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கு?

உன் கடிதத்துக்கு நான் பதில் போடலை. லீவு கிடைக்குமான்னே தெரியாம என்னன்னு எழுதறது? கப்பல் ரெண்டு நாள் மட்டும் பக்கத்து மாநிலத் துறைமுகத்துல நின்னது. சீஃப்கிட்ட கேட்டேன், முடியாதுன்னார். உன் செப்டம்பர் கடிதத்தை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். "நாளைச் சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா விட்டுட்டுப் போயிடுவேன், ஓடு"ன்னார். அதனால நான் வந்தேன் அக்கா. நேத்து மலர்க் கண்காட்சியில நான் இருந்தேன்.

வந்து சேர்றதுக்குள்ள நீ ஆரம்பிச்சிட்டே. புல்வெளியில மனுஷத் தலையைத் தவிர வேற ஒண்ணும் தெரியலை. கடைசியில போய் நின்னேன். இவ்வளவு கூட்டத்துல இவ்வளவு அமைதியை நான் பார்த்ததே இல்லை. குச்சியைச் சீவற சத்தம் ஒலிபெருக்கியில வந்தப்போ பக்கத்துல ஒரு கைக்குழந்தை கூட அழுகையை நிறுத்திட்டுக் கேட்டது.

அப்புறம் நீ பலகையில எழுதினே: "பக்கத்துல இருக்கிறவங்க ஆள்காட்டி விரலோட உங்க விரலைச் சேர்த்து வச்சு, நாடாவால கட்டுங்க. தெரியாதவங்களா இருந்தா ரொம்ப நல்லது." தோட்டக்காரங்க எல்லாருக்கும் நாடா கொடுத்துக்கிட்டு வந்தாங்க. எனக்குப் பக்கத்துல கோட்டு போட்ட ஒரு பெரியவர், தன் நாற்காலியை யாருக்கோ கொடுத்துட்டு நின்னுக்கிட்டிருந்தார். விரலை நீட்டினார். நீ மேடையில காட்டக் காட்ட, கீழ இருந்து மேல, ஒரு சுத்துக்கு மேல பாதி இன்னொரு சுத்துன்னு கட்டினோம். எண்ணெய் ஏறின என் விரலையும் அவர் விரலையும் சேர்த்துப் பார்த்தா உண்மையிலேயே ஒட்டுச்செடி மாதிரிதான் இருந்தது.

"நல்லாக் கட்டறீங்களே, தோட்ட வேலையா?"ன்னார்.

"கப்பல் எஞ்சின் வேலை. மேடையில இருக்கிறது எங்க அக்கா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போன் பண்ணின தம்பியா?"

நான் எங்க போய் ஒளியறது? விரல் கட்டியிருக்கே! அவர் உங்க இயக்குநர்! ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாம மேடையைப் பார்த்துக்கிட்டு நின்னோம்.

அவர்தான் மெதுவாச் சொன்னார்: "நீங்க சொன்னீங்க, நானும் கேட்டேன். நம்ம ரெண்டு பேரையும் இப்படிக் கட்டிப் போட்டது சரிதான்."

அதுக்குள்ள எல்லாரும் கட்டின விரலைத் தூக்கிக் காட்டணும்னு நீ சைகை பண்ணினே. பெரிய பெரிய உத்தியோகக்காரங்க, பெண்கள், வாலிபப் பசங்க, எல்லாரும் ஜோடி ஜோடியா விரலைத் தூக்கினாங்க. நீ மேடை ஓரத்துக்கு வந்து இடுப்புல கை வச்சு, நம்ம வீட்டுக் கொடியில துணி ஒழுங்காக் காயுதான்னு பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரிசையாப் பார்த்தே. யாரும் உன் கழுத்தைப் பார்க்கலை அக்கா. நான் சுத்திச் சுத்திப் பார்த்தேன், ஒருத்தர் கூட பார்க்கலை.

உன்கிட்ட வரத்தான் முட்டி மோதினேன். உன்னைச் சுத்திக் கூட்டம் விடலை. இஸ்திரிக்காரப் பொண்ணு ஒரு பக்கம், கள்ளி டாக்டர் ஒரு பக்கம், யாரோ உன் கையைப் பிடிச்சு அழுதுக்கிட்டிருந்தாங்க. ரயிலுக்கு நேரமாச்சு. இயக்குநர்தான் தன் வண்டியில ஸ்டேஷன்ல கொண்டு வந்து விட்டார். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேன்.

நீயும் மாமாவும் உடம்பைப் பார்த்துக்கோங்க. எனக்கு வேற ஒண்ணும் எழுத வரலை.

உன் வாலு

•

டிசம்பர் 20

வாலுக்கு,

அக்காவும் மாமாவும் கல்லு மாதிரி இருக்கோம். சர்க்கரை ஓடிப்போச்சு. நீ நேரத்துக்குக் கப்பல் ஏறிட்டியா? உன் சீஃப்புக்கு என் வணக்கத்தைச் சொல்லு. வாயால சொல்ல வேண்டாம், அவருக்குப் புரியற மாதிரி கையால சொல்லு.

நீ வந்து போனதை இயக்குநர் அன்னைக்கு சாயங்காலமே சொல்லிட்டார். ஆனா எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். எல்லாரும் விரலைத் தூக்கினப்போ நான் வரிசை வரிசையாப் பார்த்தேன்னு எழுதியிருக்கியே, கடைசி வரிசையில கோட்டுக்காரர் பக்கத்துல, அழுக்குச் சட்டையில, மூக்கை உறிஞ்சிக்கிட்டு ஒருத்தன் நின்னான். உன்னைத் தொட்டில்ல ஆட்டினவளுக்கு உன் தலை தெரியாதா? மேடையில இருந்து குதிச்சு ஓடி வரணும்னுதான் இருந்தது. ஆனா அத்தனை பேர் விரலைக் கட்டிக்கிட்டு எனக்காக நிக்கறாங்க. அடுத்த பாடத்தை எடுத்தேன்.

இனி ஞாயித்துக்கிழமைப் பேச்சு முழுசுக்கும் நான்தான் பொறுப்பு. ஆர்டர் வந்தாச்சு. இஸ்திரிக்காரப் பொண்ணும் என்னோட மேடை ஏறப் போறா. அவ எனக்குத் தன் விரல் பாஷையைச் சொல்லிக் கொடுக்கறா. தினம் சாயங்காலம் இஸ்திரிக் கடையில உக்காந்து கத்துக்கறோம். நேத்து ஒரு முழு வம்புக் கதையே பேசி முடிச்சோம்! உன் மாமாவும் பக்கத்துல உக்காந்து கத்துக்கறார். மொழிபெயர்ப்பாளர் வேலை போயிடுமோன்னு பயம். இன்னும் ரெண்டு ஊர்ப் பூங்காவுல இருந்து வரச்சொல்லிக் கேட்டிருக்காங்க. போகப் போறேன். நீ யாருக்கும் போன் பண்ண வேண்டாம்.

அடுத்த வருஷக் கண்காட்சிக்கு இப்போவே லீவு சொல்லி வை. முன்வரிசையில நடு நாற்காலி உனக்கு. கடைசியில நின்னு எட்டிப் பார்க்கிறவன் இல்லைடா நீ. வந்து உக்காரு, எல்லாருக்கும் உன்னைக் காட்டணும்.

பத்திரமா இரு.

உன் அக்கா